வேலையா, வேளையா?

“ஐயா, நான் கூலிக்காரனா, குத்தகைக்காரனா? வரலாறு கற்பிக்கும் நீங்கள்தான் சொல்லவேண்டும்!”

சென்ற திங்களில் ஒரு ஞாயிறன்று என்னைக் காண வந்த பழைய மாணவன் கேட்ட கேள்வி இது. நான் ஆசிரியப் பணி ஏற்ற முதலாண்டில், வகுப்பின் முன்வரிசையில் அமர்ந்து, கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு என்னைத் திணறவைத்தவன். இன்று, தன் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சிற்றறையில் கணிப்பொறி ஒன்றை வைத்துக்கொண்டு, கடல் கடந்த நாட்டு வணிக நிறுவனம் ஒன்றுக்குப் படங்கள் வரைந்து அனுப்புகிறான். மணிக்கு இவ்வளவு என்று ஊதியம்.

ஒப்பந்தத்தைக் காட்டினான். படித்தேன். முதல் பக்கத்திலே, பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்க வாசகம்! அவன் எவருக்கும் ஊழியன் அல்லனாம். தன்னுரிமை பெற்ற ஒப்பந்தக்காரனாம். அவனுக்கு அவனே எசமானாம்! கேட்கவே இனிக்கிறது அல்லவா?

இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். இனிப்பு கசப்பாயிற்று. வேலை நேரம் முழுவதும் அவன் கணிப்பொறியில் ஒரு கண்காணிப்பு நிரல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பத்து நிமிடத்திற்கு ஒரு முறை, அவன் அறியாத நொடியில், அது திரையைப் படம் பிடிக்கும். விசைகளை எத்தனை முறை தட்டினான் என்று எண்ணும். எண்ணியதை எல்லாம் எசமானுக்கு, மன்னிக்க வேண்டும், ‘வாடிக்கையாளருக்கு’ அனுப்பும்.

ஒரு நாள், கடை ஒன்றின் சின்னத்திற்காக, காகிதமும் பென்சிலுமாக அமர்ந்து நாற்பது நிமிடம் வரைந்து வரைந்து பார்த்திருக்கிறான். பொறிக்குப் பென்சில் தெரியாது, காகிதம் தெரியாது, சிந்தனை தெரியாது. ‘வேலை இல்லை’ என்று குறித்துவிட்டது. நாற்பது நிமிட ஊதியம் போயிற்று. அந்தப் பென்சிலில் பிறந்த சின்னத்தை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்!

பின்னர் ஐந்து நாள் காய்ச்சல். ‘விடுப்பு ஊதியம் உண்டா?’ என்று எழுதிக் கேட்டான். ‘நீர்தான் ஊழியர் அல்லரே!’ என்று விடை வந்தது.

நிமிடத்தை எண்ணும்போது அவன் கூலிக்காரன். நோயில் படுத்தால் குத்தகைக்காரன். இந்த விந்தையைத்தான் அவன் வினாவாக்கி என் முன் வைத்தான்.

புதுமைப் பொறியால் விளைந்த புதுக் கேள்வி என்று சிலர் கருதக்கூடும். இல்லை, தோழர்களே! கேள்வி பழையது. இங்கிலாந்தின் இரும்பாலையில் எழுந்த கேள்வி. இலங்கைத் தோட்டத்தில் எழுந்த கேள்வி. நம் நாட்டு உப்பளத்திலும் பீடிக் கொட்டகையிலும் எழுந்து, உச்ச நீதிமன்றத்தின் படியேறிய கேள்வி. ஆகவே பழைய ஏடுகளைச் சற்றே புரட்டுவோம்.

இரு வணிகம்

தச்சரிடம் கதவு ஒன்று செய்யச் சொல்கிறோம். விலை பேசுகிறோம். கதவு வந்ததும், நிலையில் பொருந்துகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்க்கிறோம். காலை பத்து மணிக்கு அவர் வெற்றிலை போட்டாரா, பிற்பகலில் கண்ணயர்ந்தாரா என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால், “உமக்குக் கதவு வேண்டுமா, என் கதை வேண்டுமா?” என்பார், நியாயமும் அதுதான். அவர் விற்றது வேலையை.

அதே தச்சரை நாட்கூலிக்கு அமர்த்தினால்? காலையில் வரவேண்டும், மாலையில்தான் போகவேண்டும். அன்று ஆணி வந்து சேராவிட்டாலும் கூலி உண்டு. ஏனெனில் அவர் விற்றது வேளையை.

வேலையை விற்பவன் ஒப்பந்தக்காரன். வேளையை விற்பவன் கூலிக்காரன். இரண்டும் நேர்மையான வணிகமே. வேலைக்கு உரிய சுதந்திரம் ஒருவனுக்கு. வேளைக்கு உரிய பாதுகாப்பு மற்றவனுக்கு. ஆனால், வேலையையும் வாங்கி, வேளையையும் பறித்து, சுதந்திரமும் தராமல், பாதுகாப்பும் தராமல் தப்பித்துக்கொள்ளும் மூன்றாவது வணிகம் ஒன்று உண்டு. அதன் வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பூட்டிய கடிகாரம்

தொழிற்சாலைகள் பெருகுமுன், இங்கிலாந்தின் நெசவாளர் பலர் தம் வீட்டிலேயே தறி வைத்திருந்தனர். வணிகன் நூல் தருவான். துணியாகத் திரும்பப் பெறுவான். துணிக்கு இவ்வளவு என்று கூலி. திங்கட்கிழமை பலருக்குத் தறி ஓடாது. ‘புனிதத் திங்கள்’ என்று கேலியாகவே அதற்குப் பெயர் வைத்திருந்தனர். வாரக் கடைசியில் இரவு பகலாக உழைத்துக் கணக்கை நேர் செய்வர். வறுமை இருந்தது, சுரண்டலும் இருந்தது. ஆனால் அன்றைய பொழுதை எப்படிப் பங்கிடுவது என்பது நெசவாளன் கையில் இருந்தது.

அந்தக் கையிலிருந்து பொழுது பறிக்கப்பட்ட கதையை இ.பி. தாம்சன் என்னும் வரலாற்றாசிரியர் 1967-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் விரிவாக ஆராய்ந்தார். அவர் எடுத்துக்காட்டும் சான்றுகளுள் ஒன்று, 1700-ஆம் ஆண்டை ஒட்டி, ஆம்பிரோஸ் கிரௌலி என்னும் இரும்புத் தொழிலதிபர் தம் ஆலைகளுக்கென வகுத்த ‘சட்டப் புத்தகம்’. நாடாளுமன்றம் இயற்றிய சட்டமல்ல. ஒரு முதலாளி தம் ஆட்களுக்கு இயற்றிய சட்டம்! யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று நிமிடக் கணக்காக எழுதக் கண்காணிப்பாளர் ஒருவர். மதுக்கடையில் கழித்த நேரம் தள்ளுபடி. உணவு நேரம் தள்ளுபடி. புகைத்த நேரம், பாடிய நேரம், வாதாடிய நேரம், செய்தி படித்த நேரம் எல்லாம் தள்ளுபடி! எஞ்சியதே ‘வேலை நேரம்’.

செய்தி படிப்பதும் வாதாடுவதும் குற்றப் பட்டியலில் ஏன் இடம்பெற்றன என்பதை, படிப்பகத்தில் அமர்ந்து இந்த ஏட்டைப் படிக்கும் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு விதியும் அதில் உண்டு. கண்காணிப்பாளரின் கடிகாரத்தை வேறு எவரும் தொட்டு மாற்ற முடியாதபடி பூட்டி வைக்கவேண்டும். சரி. தொழிலாளி ஏமாற்றாதிருக்கப் பூட்டு. முதலாளி ஏமாற்றாதிருக்க?

நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான் விடை வந்தது. பஞ்சாலைகளில் காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளுவதும், மாலையில் பின்னே இழுப்பதுமான பித்தலாட்டம் நடந்ததாகத் தொழிலாளர் முறையிட்டனர். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1844-இல் இயற்றிய தொழிற்சாலைச் சட்டம், வேலை நேரத்தை ஆலையின் கடிகாரத்தால் அல்ல, ஊரறிந்த பொதுக் கடிகாரம் ஒன்றால் கணக்கிட வேண்டும் என்று விதித்தது. அருகிலுள்ள இரயில் நிலையக் கடிகாரம் போன்ற ஒன்று!

சிறு விதிதான். ஆனால் எத்துணைப் பெரிய உண்மை அதில் பொதிந்திருக்கிறது! காலத்தை அளக்கும் கோல் ஒரு தரப்பின் கையில் மட்டும் இருந்தால், அது அளவுகோல் அல்ல, செங்கோல்.

பெரட்டுக் களத்தில்

ஆலை முதலாளி நேரே நின்று எண்ணினான். நேரே நிற்க விரும்பாத முதலாளி என்ன செய்தான்? எண்ணுவதையே ஒருவனுக்குக் குத்தகை விட்டான். அந்தக் கதை நம் மக்களின் கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், இலங்கை மலைகளில் வெள்ளைத் துரைமார் முதலில் காப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட்டபோது, தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆட்களைத் திரட்டிச் சென்றவன் கங்காணி. கங்காணி என்ற சொல்லே கண்காணிப்பதிலிருந்து பிறந்தது. ஆள் திரட்டும் ஒப்பந்தக்காரனும் அவனே; வயலில் நின்று மேற்பார்ப்பவனும் அவனே; முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிப் போடுபவனும் அவனே.

விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் பதியும் இடத்திற்கு, மலையகத் தமிழர் வைத்த பெயர் பெரட்டுக் களம். படைவீரரின் ‘பரேடு’ தோட்டத்துத் தமிழரின் நாவில் பெரட்டாயிற்று. பெயர் பதிந்தால் ஒரு நாள் கூலி. குறித்த அளவு கொழுந்து சேராவிட்டால் ‘அரைப்பேர்’. முழு நாள் உழைத்த மனிதனைப் பதிவேட்டில் பாதி மனிதனாகக் குறிக்கும் கொடுமைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமோ?

தலைமைக் கங்காணியின் வருவாயில் ஒரு பகுதி ‘தலைக்காசு’. அன்றன்று வேலைக்கு வந்த தலை ஒவ்வொன்றுக்கும் சில காசு. ஆள் வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. அதாவது, வருகைப் பதிவே அவன் விற்ற சரக்கு! துரை எவரையும் எழுப்ப வேண்டியதில்லை. தலைக்காசு என்ற தூண்டிலே கங்காணியை எழுப்பும். கங்காணி காய்ச்சல்காரனையும் எழுப்புவான்.

வேலையை விட்டு நீங்கினால்? 1865-இல் இலங்கையில் இயற்றப்பட்ட சட்டம், ஒப்பந்தத்தை மீறிப் பணியை விட்டு அகலும் தொழிலாளிக்குத் தண்டனை விதித்தது. கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு அவனைத் தோட்டத்திலிருந்து தோட்டத்திற்குத் துரத்தியது. 1921-இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஒப்பந்தமாம், ஒப்பந்தம்! இரு கைகள் கூடினால்தான் ஒப்பந்தம். ஒரு கையில் பதிவேடும் மறு கையில் விலங்கும் வைத்திருந்தவனோடு செய்தது எந்த வகை ஒப்பந்தம்?

பதிவேடு இல்லையென்றால் ஊழியன் இல்லையாம்!

விடுதலை வந்தது. தொழிற்சாலைச் சட்டம் 1948-இல் வந்தது. வேலை நேரத்திற்கு வரம்பு, விடுப்புக்கு ஊதியம் என்ற உரிமைகள் ஏட்டில் ஏறின. உடனே முதலாளிமார் சிலருக்கு ஒரு புதிய ஞானம் பிறந்தது. நேற்றுவரை பதிவேட்டால் ஆண்டவர்கள், இன்று பதிவேட்டையே மறைக்கத் தொடங்கினர். “நாங்கள் வருகை பதிவதில்லை, நேரம் குறிப்பதில்லை, ஆகவே இவர்கள் எங்கள் தொழிலாளர் அல்லர், தனி ஒப்பந்தக்காரர்கள்” என்றனர்.

உச்ச நீதிமன்றத்தில் இந்த வாதம் பட்ட பாட்டைக் காண்போம்.

முதலில் சௌராட்டிரத்து உப்பளம். அங்கே ‘அகாரியா’ எனப்படும் உப்புத் தொழிலாளர்க்கு நிறுவனம் நிலத் துண்டுகளைப் பகிர்ந்தளிக்கும். கிணறு தோண்டி, உவர்நீர் இறைத்து, பாத்தி கட்டி, உப்பு விளைவித்துத் தருவர். மணங்குக்கு இவ்வளவு என்று கூலி. வேலை நேரம் வகுக்கப்படவில்லை. வருகைப் பதிவேடும் இல்லை. துணைக்குத் தம் செலவில் ஆள் வைத்துக்கொள்ளவும் செய்தனர். “ஒப்பந்தக்காரர்களே!” என்றது நிறுவனம். 1956 நவம்பரில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தாமே உடலுழைப்பில் ஈடுபடுகின்றனர். வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் நிறுவனத்தார் மேற்பார்க்கின்றனர். ஆகவே அவர்கள் தொழிலாளரே என்றது. பதிவேடு இல்லாமையால் உழைப்பு இல்லாமற் போய்விடவில்லை!

அடுத்து பீடி. 1958-இல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்று. ஆய்வாளர் ஆலைக்குள் நுழைகிறார். ‘சட்டேதார்’ எனப்படும் இடைநிலை ஒப்பந்தக்காரர் சிலர் அங்கே இருக்கின்றனர். பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை. பதிவேடு பேணாத குற்றத்திற்காக ஆலையின் மீது வழக்கு. அவர்கள் வெளியில் பீடி சுற்றுவித்து, கொண்டுவந்து ஒப்படைப்பவர்கள், தனி ஒப்பந்தக்காரர்கள், தொழிலாளர் அல்லர் என்று நீதிபதி சுப்பாராவ் தீர்ப்பு எழுதினார்.

1960 டிசம்பரில் நாகபுரி பீடித் தொழிற்சாலை வழக்கு. தொழிலாளர் ஆலையிலேயே அமர்ந்து சுற்றினர். விரும்பியபோது எழுந்து போகலாம். ஆனால் வருகை குறிக்கப்பட்டது. நண்பகல் கடந்து வந்தால் அன்று வேலை இல்லை. விடுப்பு ஊதியம் கேட்டபோது, ‘நீங்கள் தொழிலாளரே அல்லர்’ என்றது நிர்வாகம். நீதிமன்றமோ தொழிலாளரே என்றது. நாள் முழுதும் தலைமாட்டில் நின்றால்தான் மேற்பார்வை என்பதில்லை. மாலையில் பீடியைப் பார்த்து, தரம் குறைந்ததைத் தள்ளும் உரிமையும் இத்தகைய எளிய வேலையில் மேற்பார்வையே என்றது.

பத்துத் திங்களுக்குப்பின், 1961 அக்டோபரில், மராட்டியத்துப் பீடித் தொழிலாளி ஒருவரின் வழக்கு. அவரும் ஆலையில் அமர்ந்தே சுற்றினார். ஆனால் குறித்த நேரம் இல்லை. விரும்பியபோது வரலாம், போகலாம். அவர் தொழிலாளி அல்லர் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு! சட்டேதார்களைத் தொழிலாளர் அல்லர் என்ற அதே சுப்பாராவ், இந்தத் தொழிலாளியைத் தொழிலாளியே என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். இடைத்தரகனையும், விரல் தேயச் சுற்றுபவனையும் ஒன்றாகக் காணாத கண் அது.

ஒரே இலை, ஒரே தூள், ஒரே நூல். நாகபுரியில் வருகையைக் குறித்ததால் அவன் தொழிலாளி. மராட்டிய வழக்கில் நேரத்தைக் குறிக்காததால் அவன் தொழிலாளி அல்லன். சட்டத்தின் தராசில், உழைப்பைவிடப் பதிவேடு கனத்தது.

பின்னர் நம் சென்னை மாநிலத்து வழக்கு. 1964-இல் தீர்ப்பு. இங்கே பீடி உரிமையாளர்கள், ஒப்பந்தக்காரர்கள் என்ற பெயரில் சிலரை நடுவே நிறுத்தியிருந்தனர். அந்த ஒப்பந்தக்காரர்கள் வருகைப் பதிவேடு வைத்திருக்கவில்லை. தொழிலாளர் இலையை வீட்டுக்கு எடுத்துச் சென்று வெட்டுவர்; வந்து சுற்றுவர்; வர, போக நேரம் இல்லை. நீதிமன்றம் திரையை விலக்கிப் பார்த்தது. ஒப்பந்தக்காரர் எனப்பட்டோர் தாமே ஏழைகள். உரிமையாளரின் இலையையும் தூளையும் தொழிலாளரிடம் சேர்த்து, பீடியை வாங்கிக் கொடுப்பதன்றி வேறு பணி அவர்களுக்கு இல்லை. அவர்கள் கிளை மேலாளர் போன்றோரே. தொழிலாளர் உரிமையாளரின் தொழிலாளரே என்று தீர்ப்பு வந்தது.

ஈராண்டு கழித்து, 1966-இல், நாடாளுமன்றம் பீடித் தொழிலாளர்க்கெனத் தனிச்சட்டம் இயற்றி, வீட்டில் சுற்றுவோரையும் அதன் நிழலில் சேர்த்தது. 1973-இல் ஐதராபாத் பகுதித் தையற்கடை வழக்கிலும், வர நேரமில்லாத, உருப்படிக்குக் கூலி பெறும் தையற்காரர்களை ஊழியர் என்றே நீதிமன்றம் ஏற்றது. ஆடை சரியில்லையெனில் திருத்தித் தைக்கச் சொல்லும் உரிமை கடைக்காரரிடம் இருக்கிறதே, அது போதாதா என்றது.

தீர்ப்புகள் எல்லாம் ஒரே திசையில் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1970-இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரன் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த முதன்மை நிறுவனமே தரவேண்டும் என்று பொறுப்பை ஏற்றியது. ஆனால் 2009-இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக்காரனின் ஆட்களை முதன்மை நிறுவனம் மேற்பார்ப்பதனால் மட்டும் அவர்கள் அந்நிறுவனத்தின் ஊழியர் ஆகிவிட மாட்டார்கள். அது இரண்டாம் நிலைக் கட்டுப்பாடே என்றது. வாசல் ஒன்று திறந்தது. சாளரம் ஒன்று மூடியது.

பொறி வந்தது, நெறி வந்ததா?

இனி, மாணவனின் கணிப்பொறிக்கு வருவோம். கணிப்பொறிக்கும் வருகைப் பதிவுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வில்லார்டு பண்டி என்னும் நகைக்கடைக்காரர் 1888-இல் ஒரு கடிகாரம் அமைத்தார். தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் எண் பொறித்த சாவி. சாவியை நுழைத்தால் வந்த நேரம் அச்சாகும். அந்தப் பொறியைச் செய்த நிறுவனம் பிறவற்றோடு இணைந்து 1911-இல் பெருநிறுவனம் ஒன்றின் உறுப்பாயிற்று. 1924-இல் அந்தப் பெருநிறுவனம் சூட்டிக்கொண்ட பெயர்தான் ஐ.பி.எம். உலகிற்குக் கணிப்பொறியைத் தந்த குடும்பத்தில், வருகைக் கடிகாரம் மூத்த பிள்ளை!

அதே 1911-இல், அமெரிக்க அரசின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில், பிரடெரிக் டெய்லரின் முறைப்படி நிறுத்துக் கடிகாரத்தோடு வந்து பின்னால் நின்றபோது, வார்ப்புத் தொழிலாளர் வேலையை நிறுத்தி வெளியேறினர். கூலி குறைந்ததற்காக அல்ல, கையசைவை எண்ணியதற்காக! விசாரணை நடந்தது. 1915-இல் அந்நாட்டுப் பேரவை, இராணுவ நிதியில் ஒரு காசும் நிறுத்துக் கடிகாரத்திற்குச் செலவாகக் கூடாது என்று விதித்தது. மறுத்தவர்கள் மடையர்கள் அல்லர் என்பதற்கு இது சான்று.

இன்று நிறுத்துக் கடிகாரம் பின்னால் நிற்பதில்லை. எதிரிலேயே, திரைக்குள் அமர்ந்திருக்கிறது. கிரௌலியின் கண்காணிப்பாளர், பெரட்டுக் களத்துக் கங்காணி, பண்டியின் சாவி ஆகிய மூவரும் ஒருருவாகி அதற்குள் புகுந்திருக்கின்றனர்.

இங்கேதான் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பீடி முதலாளி நீதிமன்றத்தில் என்ன சொன்னான்? ‘நேரம் குறிப்பதில்லை, ஆகவே ஊழியன் அல்லன்’ என்றான். இன்றைய நிறுவனம் என்ன சொல்கிறது? ‘நிமிடம் தோறும் குறிக்கிறோம், ஆயினும் ஊழியன் அல்லன்’ என்கிறது! குறித்தாலும் அல்லன், குறிக்காவிட்டாலும் அல்லன்! எந்தப் பக்கம் விழுந்தாலும் அவர்களே வெல்லும் காசு இது. பதிவேடு இல்லாமை ஒப்பந்தக்காரனுக்கு அடையாளம் என்று வாதாடியவர்கள், பதிவேடு இருப்பது ஊழியனுக்கு அடையாளம் என்பதை மறுக்க முடியுமா? அவர்கள் வகுத்த வாய்பாட்டையே நாம் ஒப்பித்துக் காட்டுகிறோம். விடையை மட்டும் அவர்கள் மாற்றுகிறார்கள்.

இந்தப் புரட்டை உணர்ந்த நீதிமன்றமும் உண்டு. 2021 பிப்ரவரியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், ஊபர் வாடகைக் கார் ஓட்டுநர் வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்காதீர். கட்டணத்தை வகுப்பவர் யார், பயணத்தை மறுத்தால் தண்டிப்பவர் யார் என்று பாருங்கள் என்றது. செயலியில் இணைந்து, உரிய பகுதியில், அழைப்பை ஏற்க ஆயத்தமாகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்றது. காத்திருப்பதும் வேலையெனில், பென்சிலோடு சிந்திப்பது வேலையாகாதோ?

நம் நாட்டில், 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இத்தகையோரைப் பெயர் சொல்லிக் குறித்தது. ஆனால் எப்படி? மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர் என்று! நலத்திட்டம் உண்டு, நிறுவனங்களின் ஆண்டு வரவில் 1 முதல் 2 விழுக்காடு வரை அதற்குப் பங்களிப்பும் உண்டு. வரவேற்போம். ஆனால் உறவுக்கு வெளியே என்று ஒதுக்கியபின், உள்ளே இருப்போர்க்குரிய உரிமையைக் கேட்கும் வாய் அடைபடுகிறதே!

இரு தரப்பும் ஏற்கும் அளவுகோல்

“பணம் தருபவன் கணக்குக் கேட்கக் கூடாதா? உழைக்காத மணிக்கும் கூலி எழுதுவோர் இல்லையா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏமாற்றுவோர் இரு தரப்பிலும் உண்டு. ஆகவே கணக்கே கூடாது என்று நாம் கூறவில்லை. கணக்கு இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்கிறோம்.

வேலையை வாங்குகிறீர்களா? வேலைக்கு விலை பேசுங்கள், பொறியை அணைத்துவிடுங்கள், கதவு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். வேளையை வாங்குகிறீர்களா? வாங்குங்கள், ஆனால் எண்ணிய பதிவை அவனுக்கும் காட்டுங்கள், தவறெனில் திருத்த வழி விடுங்கள். 1844-இல் ஆலைக் கடிகாரத்திற்கு நேர்ந்த கதி உங்கள் நிரலுக்கும் நேரட்டும். காத்திருந்த நேரத்தையும் சிந்தித்த நேரத்தையும் சேர்த்து எண்ணுங்கள். எந்த மணிக்கு அமரவேண்டும், எந்த மணிக்கு எழவேண்டும் என்று கட்டளையும் இடுவீர்களாயின், எசமான் என்று ஒப்புக்கொண்டு, எசமானுக்குரிய கடமையையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அவர்களாக ஏற்பார்களா? மாட்டார்கள். உப்பளத்துக்காரன் கேட்டதால்தான் தீர்ப்பு வந்தது. பீடித் தொழிலாளி சங்கம் கண்டு வழக்காடியதால்தான் சட்டம் வந்தது. அவர்களாவது ஒரு கொட்டகையில் கூடியிருந்தனர். அடுத்தவன் முகத்தைப் பார்த்தனர். இன்றைய இளைஞனோ தனியறையில், தனித் திரை முன், தனி ஒப்பந்தத்தோடு அமர்ந்திருக்கிறான். ஒரே தெருவில் நால்வர் அதே வேலை செய்தும் ஒருவரை ஒருவர் அறியார். அந்த நால்வரும் ஒரு மாலை படிப்பகத்தில் கூடட்டும். நான்கு ஒப்பந்தங்களையும் அருகருகே வைத்து, இரண்டாம் பக்கத்தை உரக்கப் படிக்கட்டும். அதுவே தொடக்கம்.

மாணவனிடம் சொன்னேன்: “தம்பி, தாளில் நீ குத்தகைக்காரன், பொறியில் நீ கூலிக்காரன். தாளும் பொறியும் ஒத்துப்போகும்வரை உன் கேள்வியை விடாதே. அதுவரை உனக்கென்று ஒரு பதிவேடு வைத்துக்கொள். கடிகாரம் அவர்களிடம் மட்டும் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.”

மறு வாரம் வந்தான். கையில் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று. தேதி, தொடக்கம், முடிவு, செய்த வேலை என்று பத்தி பிரித்துக் கோடு போட்டிருந்தான். இனி சின்னம் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசும்படி நிறுவனத்திற்கு எழுதியும் இருக்கிறானாம். விடை இன்னும் வரவில்லை.

குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் வரியில், பொறி தள்ளுபடி செய்த அந்த நாளின் தேதியிட்டு எழுதியிருந்தான்: “பென்சில் வேலை — நாற்பது நிமிடம்.”